பதினொன்றாவது வரிசை

தக்காளியின் அடிப்பக்கம் கருக்கத் தொடங்கியதும் மாப்பிள்ளை முதல் நாள் வெயிலைக் குற்றம் சொன்னார். இரண்டாம் நாள் விதை விற்றவனை. மூன்றாம் நாள், நார் கழுவினவங்க ஒழுங்கா கழுவலை என்றார். கழுவினவங்க என்று பன்மையில் சொன்னாலும் கழுவியது ஒரே ஆள்தான். கழுவல் தாளில் இருபத்துநாலு வரிசைக்கும் எதிரே ஒரே கையெழுத்து இருந்தது. கோணல்மாணலான அந்தக் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுத்தவள் பக்கத்திலேயே, தர ஆய்வு அறையில், உட்கார்ந்திருந்தாள். கழுவியவளின் மகள்.

மகளை அங்கே டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா அந்தச் செய்தியை பேக்கிங் கூடம், பம்ப் அறை, கழிப்பறை வரிசை என்று மூன்று இடங்களில் சொல்லி முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மகளுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

"டிகிரி, பல்பு எரியலை. உன் படிப்புல அது வருமா பாரு" என்பார் பம்ப் ஆபரேட்டர்.

அவள் படித்தது வேளாண் வேதியியல். பல்பை மாற்றிக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை என்பவர் முதலாளியின் மகளைக் கட்டியவர். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் முறுக்கு குறையவில்லை. முதலாளியான பெரியவர் முதல் பார்சல் கொண்டுவருகிறவன் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முன்பு குளியலறை டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். இப்போது அவர் அறைக்கதவில் 'வளர்ப்புத் துறைத் தலைவர்' என்று பித்தளைப் பலகை. எழுத்து பளபளவென்று இருக்கும். அதைத் துடைப்பதும் அம்மாதான்.

அவர்கள் தக்காளி வளர்ப்பது பெரிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள். மண் கிடையாது. தலையணை மாதிரி நீளமான வெள்ளைப் பைகள், பைக்குள் தேங்காய் நார்த்தூள், தூளுக்குள் வேர். உரம் கரைத்த தண்ணீர் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டும். "ஒரு பிடி மண்ணில்லாம விளைய வைக்கிறோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெரியவர் பெருமையடிப்பார். உடனே செருப்பைக் கழற்றச் சொல்வார். செருப்பில் மண் ஒட்டியிருக்கும்.

முன்பெல்லாம் நாருக்குப் பதிலாக, பாறையை உருக்கி நூற்ற பஞ்சை வாங்கினார்கள். பயிர் நன்றாகத்தான் வந்தது. பயிர் முடிந்த பிறகு அந்தப் பஞ்சு மக்கவும் மாட்டேன் என்றது, எரியவும் மாட்டேன் என்றது. கூடாரத்துக்குப் பின்னால் மலையாகக் குவியவே, பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். நார் என்றால் பயிர் முடிந்ததும் எருவாக்கிவிடலாம். ஆகவே நார். இதுவரை எடுத்த முடிவு சரிதான். அதற்கப்புறம் நாரை வாங்கும் பொறுப்பு மாப்பிள்ளையிடம் போனது.

அவர் வாங்கியது கப்பலில் வந்த கழுவாத நார். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து எடுத்தது. அதை ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி, பையில் அடைக்க வேண்டும். அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மூன்று வாரம் கழுவினாள். கழுவி வழிந்த தண்ணீரில் மாப்பிள்ளை மீட்டரை விட்டுப் பார்த்தார். எண் குறைவாகக் காட்டியது.

"சுத்தம். குடிக்கலாம் போல இருக்கு" என்றார். குடிக்கவில்லை.

"இது போதாது சார்" என்றாள் மகள். "தண்ணில கரையற உப்பு மட்டும்தான் போயிருக்கு. நார்லயே ஒட்டிட்டிருக்கிற உப்பு அப்படியே இருக்கு. கால்சியம் நைட்ரேட் கரைச்சு ஒரு நாள் ஊற வைக்கணும். அப்புறம் அலசணும்."

"மீட்டர் சரின்னு சொல்லுதே."

"மீட்டர் தண்ணியைப் பாக்குது. நாரைப் பாக்கலை."

"அப்ப மீட்டரை எதுக்கு வாங்கினோம்?"

இதற்கு அவளிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. வேலை தற்காலிகம் என்பதால் சொல்லவில்லை. அறைக்குப் போய், ஊற வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினாள். நார் கால்சியத்தைத் தான் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்க்குப் போகாது, காயின் அடி கருத்து அழுகும் என்று தெளிவாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, மாப்பிள்ளையின் மேஜையில் வைத்தாள். "பாக்கறேன்" என்றார். டீ டம்ளரை அதன்மேல் வைத்தார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் அவள் இதையேதான் பேசினாள். கோபம் வந்தால் பாடம் எடுக்கிற ஆள் அவள்.

"பஸ்ஸுன்னு வச்சுக்கம்மா. தண்ணி ஊத்தினா நின்னுட்டு வர்றவங்க இறங்கிடுவாங்க. சீட்டுல உக்காந்திருக்கிறவன் இறங்க மாட்டான். அவன்தான் நார்ல ஒட்டியிருக்கிற உப்பு. அவனை எழுப்பணும்னா அந்த சீட்டுக்கு இன்னொருத்தன் வரணும். அவன்தான் கால்சியம்."

"எந்த பஸ்ல சீட்டுல இருக்கிறவன் எந்திரிக்கிறான்?" என்றார் அப்பா. அவர் இருபத்தேழு வருஷமாகக் கண்டக்டர்.

"கால்சியம் ரெண்டு ஆள் பலம்பா. தள்ளிட்டு உக்காரும்."

"அப்ப போலீஸைக் கூப்பிடணும்."

அம்மா ஒரு டிரம் தண்ணீருக்கு எத்தனை கிலோ என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மகள் சொன்னாள். "சாப்பிடு, ஆறுது" என்றாள் அம்மா.

நாற்று நட்டார்கள். செடி வளர்ந்தது, பூத்தது. முதல் கொத்து காய் பருத்தபோது, ஒவ்வொரு காயின் அடியிலும் சிகரெட்டால் சுட்டது போல ஒரு வட்டம். ஒரு வாரத்தில் வட்டம் பரவி, தோல் மாதிரி காய்ந்து கருத்தது. பேக்கிங் கூடத்தில் நல்ல காய்க்கான பெட்டிகள் காலியாக நின்றன.

அப்போதுதான் வெயில், விதை விற்றவன், அம்மா என்று மூன்று நாளில் மூன்று காரணம் வந்தது. வெயிலையும் விதை விற்றவனையும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பெரியவர் விசாரிப்பார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பதினாறு வருஷ வேலை. கழுவத் தெரியாதவள் என்று பேர் வாங்கி வெளியே போனால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கூடாரமும் அம்மாவைச் சேர்த்துக்கொள்ளாது.

செவ்வாய்க்கிழமை மகள் கையில் அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். கெட்டுப்போனது எத்தனை என்று எழுத வேண்டும். முதல் வரிசை, பாதிக்கு மேல் கருப்பு. இரண்டாவதும் அப்படியே. பத்தாவது வரை அதே கதை. பதினொன்றாவது வரிசையில் குனிந்தாள், காயைத் திருப்பிப் பார்த்தாள், அடுத்ததைத் திருப்பினாள். அறுபது பையையும் பார்த்து முடித்தபோது அட்டையில் எழுத ஒன்றுமில்லை. ஒரு காய்கூடக் கெட்டிருக்கவில்லை. பன்னிரண்டாவது வரிசை மறுபடி கருப்பு.

"இது எப்படி?" என்று பம்ப் ஆபரேட்டரிடம் கேட்டாள். "பதினொண்ணுக்கு மட்டும் வேற தண்ணி போகுதா?"

"எல்லாத்துக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். நான் என்ன வரிசை பாத்து ஓரவஞ்சனையா பண்றேன்?" என்றார் அவர். பிறகு மேலே கைகாட்டினார். "அதைக் கேளு."

பதினொன்றாவது வரிசைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. பாட்டு கேட்டால் செடி செழிக்கும் என்று மாப்பிள்ளை எங்கோ படித்துவிட்டு, நாற்று நடுவதற்கு முந்தைய வாரம் மாட்டினார். செடி வருவதற்கு முன்பே சோதனை ஓட்டம் என்று நாலு நாள் காலிப் பைகளுக்குப் பாடவிட்டார். மகள் திரும்புவதற்குள் வரிசை பதினொன்று விஷயம் அவர் காதுக்கும் போய்விட்டிருந்தது.

"பாத்தியா" என்றார் மகளிடம். "கழுவினது சரியில்லைங்கறது நிஜம். அதையும் மீறி இந்த ஒரு வரிசை தப்பிச்சிருக்குன்னா, பாட்டு. வியாழக்கிழமை மாமாகிட்ட எல்லா வரிசைக்கும் ஸ்பீக்கர் கேக்கப் போறேன். நீ ஒரு அறிக்கை எழுதிக் கொடு. நீதான் நல்லா எழுதுவியே."

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரு பாடத்தில்கூட ஸ்பீக்கர் வரவில்லை.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்தாள்.

"பதினொண்ணாவது வரிசைல என்ன பண்ணினே?"

"ஏன், என்ன ஆச்சு?"

"அம்மா."

அம்மா ஒரு சட்டையை மடித்து, தட்டி, அடுக்கில் வைத்தாள். "ஸ்டோர் பின்னாடி ரெண்டு மூட்டை கிடந்துச்சுல்ல, அந்த வெள்ளைக் குருணை. ஈரம் பட்டு கல்லு மாதிரி இறுகிப்போயி. வீசறதுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. அதை எடுத்தேன். சுத்தியலால உடைச்சேன். நீ சொன்ன கணக்குல டிரம்ல கரைச்சு பைக்குப் பை வாளியால ஊத்தினேன். ஒரு நாள் ஊற விட்டேன். அலசிட்டேன். அவ்வளவுதான்."

"சுத்தியல் சத்தம் யாருக்கும் கேக்கலையா?"

"மாப்பிள்ளை பாட்டுப் போட்டிருந்தாரே. அதுக்குத்தான் அந்த வரிசையே பாத்து எடுத்தேன். நல்ல சத்தமான பாட்டு."

ஆக, பாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

"சரி. ஒரு வரிசைக்கு மட்டும் ஏன்?"

"ரெண்டு மூட்டைதானே இருந்துச்சு."

"ஸ்டோர்ல நல்ல மூட்டை நிறைய இருந்துச்சேம்மா. கேட்டிருக்கலாம், எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

அம்மா அடுத்த சட்டையை எடுத்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அதனால் பல வருஷமாகப் பேசாமல் இருந்தே சமாளித்து வந்தாள். இந்த முறை அதுவும் முடியவில்லை.

"நீ சொல்றது தப்பா இருந்துச்சுன்னா?" என்றாள்.

"என்னது?"

"தப்பா இருந்தா ஒரு வரிசையோட போகும். இருபத்துநாலும் போச்சுன்னா யார் பதில் சொல்றது? நீயும் சின்னப் பொண்ணு. படிச்சிருக்கே, சரி. படிச்சது வேலை செய்யுதான்னு பாத்துக்கணும்ல."

மகள் எழுந்துவிட்டாள். "நீ என் டிகிரியை டெஸ்ட் பண்ணியா?"

"கத்தாதே. அப்பா தூங்கறார்."

"மூணு வருஷம் பஸ் பாஸுக்கும் பரீட்சைக்கும் பறந்து பறந்து படிக்க வச்சே. ஊரெல்லாம், கழிப்பறை வரிசையில எல்லாம் சொன்னே. அப்புறம் வாளியை எடுத்துட்டுப் போயி சரியான்னு சோதிச்சியா?"

"ஊருக்குச் சொல்றது வேற" என்றாள் அம்மா. "பாஸ் பண்ணிட்டேல்ல. அப்புறம் என்ன?"

உள்ளேயிருந்து அப்பா, தூங்குகிறவர், "எத்தனை மார்க்?" என்று கேட்டார்.

மகளுக்குக் கோபம் எதன்மேல் என்று சரியாகப் பிடிபடவில்லை. அம்மா அவளை நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்து பார்த்த ஒரே ஆள் அந்தக் கம்பெனியிலேயே அம்மாதான். திட்டலாம் என்றால் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றி சொல்லலாம் என்றால் வயிறு எரிகிறது.

புதன்கிழமை காலை பஸ்ஸில் அம்மாவே பேச்சை எடுத்தாள். "நாளைக்கு இதை அங்க சொல்லாதே. மூட்டை எடுத்ததுக்கு நான் யாரையும் கேக்கலை. திருட்டுன்னு ஆயிடும்."

"சொல்லலைன்னா கழுவத் தெரியாதவள்னு அனுப்புவாங்க."

"கழுவத் தெரியாதவள்னு அனுப்பட்டும். திருடின்னு போக மாட்டேன்."

"வீசப்போற மூட்டைம்மா."

"வீசற வரைக்கும் அது அவங்க மூட்டைதான்."

அதற்குமேல் அம்மாவை அசைக்க முடியாது. இறங்கும்வரை இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாப்பிள்ளையின் அறையிலேயே விசாரணை. பெரியவர் நடுவில் உட்கார்ந்தார். அவர் அந்தக் காலத்தில் லாரிக்கு பாடி கட்டினவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். மேஜைமேல் இரண்டு தட்டு, ஒன்றில் கருத்த காய், இன்னொன்றில் பதினொன்றாவது வரிசைக் காய். அம்மா கதவோரம் நின்றாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தாள்.

மாப்பிள்ளை கழுவல் தாளைக் காட்டினார். கையெழுத்தைக் காட்டினார். ஸ்பீக்கரைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசினார்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று பெரியவர் மகளிடம் கேட்டார்.

"கழுவினதுல குறையில்லை சார். கழுவினப்புறம் கால்சியத்துல ஊற வைக்கணும். வைக்கலைன்னா இப்படித்தான் ஆகும்னு நடறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தேன்."

"எங்கிட்ட அப்படி எதுவும் வரலை" என்றார் மாப்பிள்ளை.

"அதோ இருக்கு சார். டம்ளருக்கு அடியில."

எல்லோரும் டீ டம்ளரைப் பார்த்தார்கள். பெரியவர் அதைத் தூக்கினார். அடியில் இரண்டு தாள், அதன்மேல் மூன்று மாதத்து டீ வட்டங்கள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வட்டங்களுக்கு நடுவே விரலை ஓட்டி, கடைசி வரி வரை படித்தார். கருத்த காய் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"எழுதினபடியே இருக்கு" என்றார்.

"இருக்கட்டும் மாமா" என்றார் மாப்பிள்ளை. "அப்படின்னா பதினொண்ணு எப்படி நல்லா வந்துச்சு? அங்கயும் யாரும் ஊற வைக்கலையே. பாட்டுதானே காரணம்?"

பெரியவர் மகளைப் பார்த்தார். அவளுக்குப் பதில் தெரியும். சொன்னால் அம்மா திருடி. சொல்லாவிட்டால் அறிக்கை பொய், ஸ்பீக்கர் நிஜம், கழுவினவள் குற்றவாளி. அவள் அட்டையைப் பார்த்தாள். அதில் பதினொன்றுக்கு எதிரே ஒன்றுமில்லை.

"பத்தும் பன்னெண்டும் என்ன செவிடா?" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"என்னக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"பதினொண்ணுக்கு இந்தப் பக்கம் ஒரு கை தூரத்துல பத்து. அந்தப் பக்கம் பன்னெண்டு. ஸ்பீக்கர் உச்சியில தொங்குது. பாட்டு மூணு வரிசைக்கும்தானே கேட்டிருக்கும்? எனக்கே கேட் வரைக்கும் கேட்டுச்சு."

"ஸ்பீக்கர் பதினொண்ணைப் பாத்து திரும்பியிருக்கு" என்றார் மாப்பிள்ளை. ஆனால் குரல் இறங்கிவிட்டிருந்தது.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். "பதினொண்ணை நான்தான் ஊற வச்சேன். பின்னாடி இறுகிக் கிடந்த ரெண்டு மூட்டையை எடுத்தேன். யாரையும் கேக்கலை. தப்புதான். இவ சொன்ன கணக்குல கரைச்சேன். இவளுக்குத் தெரியாது."

வெளியே ஸ்பீக்கர் யாருக்கோ பாடிக்கொண்டிருந்தது.

"திருட்டு மாமா இது" என்றார் மாப்பிள்ளை.

பெரியவர் நல்ல காய் ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்து, கடித்தார். மெதுவாகத் தின்று முடித்தார். காம்பைத் தட்டில் வைத்தார்.

"கேக்காம எடுத்தது தப்பு. எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கணும்" என்றார். "அடுத்த பயிருக்கு எல்லா வரிசையையும் இந்தம்மாவே ஊற வைக்கட்டும். பொண்ணு கணக்குச் சொல்லட்டும்." மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "உங்களை வேலையை விட்டு அனுப்பலாம் மாப்ள. அனுப்பினா வீட்ல இருப்பீங்க. அதே வீட்லதான் நானும் இருக்கேன். அதனால இங்கயே இருங்க. நார் பக்கம் மட்டும் போகாதீங்க."

பிழையில்லாமல் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எச்சரிக்கைக் கடிதத்தை மகளே அடிக்க வேண்டியதாயிற்று. அவள் உள்ளதை உள்ளபடி அடித்தாள்: 'வீசுவதற்காக ஒதுக்கப்பட்ட இரண்டு மூட்டை கால்சியம் நைட்ரேட்டை அனுமதியின்றி எடுத்து, அதன் மூலம் பதினொன்றாவது வரிசையை அனுமதியின்றி நன்றாக விளையச் செய்ததற்காகத் தாங்கள் எச்சரிக்கப்படுகிறீர்கள்.' பெரியவர் இரண்டு தடவை படித்தார். "சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். அம்மா அதைப் பெற்றுக்கொண்டதற்குத் தன் கோணல் கையெழுத்தைப் போட்டாள். வீட்டுக்குப் போனதும் மகளின் பட்டச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் உறையிலேயே அதையும் செருகினாள்.

"அது எதுக்கு அங்க?" என்றாள் மகள்.

"ரெண்டும் ஒரே விஷயம்தானே" என்றாள் அம்மா.

அடுத்த பயிருக்கு நல்ல மூட்டைகள் வந்தன. அம்மா ஊற வைத்தாள், அலசினாள், தாளில் எழுதினாள். மகள் சரிபார்த்துக்கொண்டே போனாள். ஏழாவது வரிசையில் பேனா நின்றது.

"இதுக்குக் கால்சியம் ஊத்தலையே."

"ஊத்தலை."

"ஏன்?"

அம்மா மேலே காட்டினாள். ஸ்பீக்கர் பதினொன்றிலிருந்து ஏழுக்கு இடம் மாறியிருந்தது. ஏழாவது வரிசையை நேராகப் பார்த்தபடி திரும்பியிருந்தது.

"திரும்பியிருந்ததாலதான்னு அவர் சொன்னாரே. அதையும் பாத்துருவோம்."

"உனக்கு இன்னும் என்மேல நம்பிக்கை வரலையாம்மா?"

"உன்னைப் பாத்தாச்சு. இது அவருக்கு" என்ற அம்மா, பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். அனுமதிக் கடிதம். மாப்பிள்ளை ஆசையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். "இந்தத் தடவை கேட்டுட்டேன்."

முதல் கொத்து பருத்தபோது இருபத்துமூன்று வரிசை சுத்தமாக இருந்தது. ஏழாவது கருத்தது. மாப்பிள்ளை வந்து ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, பாட்டுத் தேர்வு சரியில்லை என்றார்.

அம்மா அடுத்த அனுமதித் தாளை எடுத்து நீட்டினாள்.